கடலோரக் குளிர்மலையும் சிரா முந்திரிகையும்: மிளகு மணத்தின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

திராட்சை எனவும் வழங்கும் முந்திரிகையின் சாற்றை நொதிக்கவைத்துப் பெறும் வைனைப் பற்றி எழுதுவோர் இரு சாராராகப் பிரிந்து நிற்பதை நாம் காண்கின்றோம். ஒரு நிலத்தின் இயல்பு அந்நிலத்தில் விளைந்த வைனின் மணத்திலும் சுவையிலும் தவறாது வெளிப்படும் என்பது ஒரு சாரார் கூற்று. பிரெஞ்சு மொழியில் 'தெர்வார்' என்னும் சொல்லால் அவர்கள் இதனைக் குறிப்பர். மண், சாய்வு, காற்று, வெயில், மழை ஆகிய யாவும் சேர்ந்த நிலப்பண்பே அச்சொல்லின் பொருளாகும். மற்றைச் சாரார் இதனை வணிகரின் சொல்லலங்காரம் என ஒதுக்குவர். நிலத்தின் பெயரைப் புகழ்ந்து விலையை உயர்த்தும் தந்திரமே இது என்பது அவர் வாதம்.

இவ்விரு கூற்றுக்களையும் ஆராய்வதற்குச் சிரா என்னும் கருமுந்திரிகை வருக்கம் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றது. குளிரான இடங்களில் விளைந்த சிராவின் வைனை முகர்வோர், புதிதாக இடித்த மிளகின் மணம் அதில் இருப்பதாக நெடுங்காலமாகக் கூறிவந்தனர். வெப்பமான இடங்களில் விளைந்த அதே வருக்கத்தின் வைனில் இம்மணம் மிகக் குறைவாகவே தோன்றும். பழப்பாகின் மணமே மேலோங்கி நிற்கும். வைனில் எவரும் மிளகு இடுவதில்லை. எனின், இம்மணம் எங்கிருந்து வந்தது? குளிருக்கும் இதற்கும் உள்ள தொடர்பு யாது? இவ்வினாக்களுக்கு இரசாயனவியல் 2008ஆம் ஆண்டில் தெளிவானதொரு விடையைத் தந்தது. கலிபோர்ணியாவின் சொனோமாக் கடலோர மலைச்சாய்வுகளை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு அவ்விடையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மதுவின் பெருமையை எடுத்துரைத்தல் எமது கருத்தன்று. ஒரு நிலத்திற்கும் அதன் விளைபொருளுக்கும் இடையேயுள்ள உறவை எவ்வளவு தூரம் நிறுவமுடியும் என்பதே எமது வினா.

சிராவின் பிறப்பு

சிரா என்னும் பெயரைக் கேட்டதும் பாரசீகத்தின் ஷிராஸ் நகரம் நினைவுக்கு வருதல் இயல்பு. சிலுவைப் போரிலிருந்து மீண்ட வீரனொருவன் கீழைத்தேயத்திலிருந்து இக்கொடியைக் கொணர்ந்து, பிரான்சின் றோன் நதிக்கரையிலுள்ள குன்றொன்றில் துறவியாக வாழ்ந்து வளர்த்தான் என்றொரு கதை வழங்குகின்றது. 'துறவியின் இருப்பிடம்' எனப் பொருள்படும் எர்மித்தாஜ் என்னும் பெயர் அக்குன்றுக்கு அவ்வாறே வந்தது என்பர். சிசிலித் தீவின் சிராகூஸ் நகரிலிருந்தே இவ்வருக்கம் வந்தது என்பாரும் உளர்.

இக்கதைகள் யாவும் 1998ஆம் ஆண்டில் வலுவிழந்தன. கலிபோர்ணியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கரோல் மெரடித்தும் பிரான்சின் மொன்பெலியேயைச் சேர்ந்த ஜான் மிஷேல் பூர்சிக்கோவும் தத்தம் குழுவினருடன் சேர்ந்து செய்த டி.என்.ஏ. ஆய்வு, சிராவின் பெற்றோரை இனங்காட்டியது. ஒன்று துறேசா என்னும் கருமுந்திரிகை. அது பிரான்சின் ஆர்தேஷ் பகுதிக்குரியது. மற்றையது மொந்தேஸ் பிளான்ஷ் என்னும் வெண்முந்திரிகை. அது அல்ப்ஸ் மலையடிவாரத்துச் சவோய்ப் பகுதிக்குரியது. அயலயலான இவ்விரு பகுதிகளின் கொடிகள் இயற்கையாகக் கலந்து பிறந்த பிள்ளையே சிரா. ஆகவே அதன் பிறப்பிடம் பாரசீகமுமன்று, சிசிலியுமன்று. பிரான்சின் தென்கிழக்குப் பாகமே என்பது தெளிவாயிற்று.

வட றோன் பள்ளத்தாக்கு ஏறக்குறைய 45 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. அங்கு சிரா பயிராகும் செங்குத்தான கருங்கற் சாய்வுகளுள் ஒன்று கோத் ரோத்தி எனப்படும். 'வறுபட்ட சாய்வு' என்பது அதன் பொருள். சூரியனை நோக்கிச் சரிந்து வெயிலை நன்கு பெறும் நிலம் என்பதாலேயே அப்பெயர் அமைந்தது. சிராவின் தாய்நிலத்தில் உழவர் தேடியது வெப்பத்தை என்பதை இப்பெயரே உணர்த்துகின்றது. கனி முதிர்வதற்குப் போதிய வெப்பம் கிடைப்பதே அங்கு அரிதாயிருந்தது.

1832ஆம் ஆண்டளவில் ஜேம்ஸ் பஸ்பி என்பவர் பிரான்சிலும் ஸ்பெயினிலும் சேகரித்த முந்திரிகைத் தண்டுகளை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுசென்றார். அவற்றுள் இவ்வருக்கமும் இருந்தது. அங்கு அது சிராஸ் என்னும் பெயரில் பெருகி, அந்நாட்டின் முதன்மையான கருமுந்திரிகையாயிற்று. அவுஸ்திரேலியாவிலும் கலிபோர்ணியாவிலும் உழவர் எதிர்நோக்கிய நிலை றோன் உழவரின் நிலைக்கு நேர்மாறானது. வெப்பம் அங்கு தாராளமாகக் கிடைத்தது. குளிரையே தேடிச் செல்லவேண்டியிருந்தது.

கடல் குளிர்விக்கும் நிலம்

சொனோமாக் கடலோரம் சன் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, ஏறக்குறைய 38 பாகை வட அகலக்கோட்டில் அமைந்துள்ளது. மேலே கூறிய சிராகூஸ் நகரும் ஏறத்தாழ அதே அகலக்கோட்டை அண்டியதே. அகலக்கோட்டை மட்டும் நோக்கின், சொனோமாவும் மத்தியதரைக் கடற்பகுதியைப் போன்று வெப்பமாக இருத்தல் வேண்டும். ஆயினும் கோடையில் அக்கடலோரத்தில் நிற்பவர் கம்பளியாடையை நாடவேண்டியுள்ளது. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் பசிபிக் சமுத்திரமாகும்.

கலிபோர்ணியாக் கரையை ஒட்டி வடக்கிலிருந்து தெற்கு நோக்கி ஒரு குளிர்நீரோட்டம் செல்கின்றது. அத்துடன் இளவேனிலிலும் கோடையிலும் வடமேற்கிலிருந்து வீசும் காற்று, புவிச்சுழற்சியின் விளைவுடன் சேர்ந்து, மேற்பரப்பு நீரைக் கரையிலிருந்து அப்பால் தள்ளுகின்றது. அவ்விடத்தை நிரப்ப ஆழத்திலுள்ள குளிர்நீர் மேலெழுகின்றது. இதனால் கோடையின் தொடக்கத்திற்கூடக் கரையோர நீரின் வெப்பநிலை 10 முதல் 13 பாகை செல்சியஸ் அளவிலேயே இருப்பதுண்டு. ஈரமான கடற்காற்று இக்குளிர்நீரின் மேலாக வரும்போது ஒடுங்கி மூடுபனியாகின்றது.

அதே வேளையில் உள்நாட்டுப் பெரும்பள்ளத்தாக்கு கோடை வெயிலில் கொதிக்கின்றது. அங்கு வெப்பமடைந்த வளி மேலெழ, அமுக்கம் குறைகின்றது. அவ்வெற்றிடத்தை நோக்கிக் கடலின் குளிர்வளி இழுக்கப்படுகின்றது. கரையோர மலைத்தொடர் அதனைப் பெரும்பாலும் தடுத்துநிற்கின்றது. ஆனால் தொமாலஸ் முனைக்கும் பொடேகா முனைக்கும் இடையே மலைத்தொடர் தாழ்ந்து ஒரு வாயிலாக அமைகின்றது. பெற்றலூமா இடைவெளி எனப்படும் இவ்வாயிலினூடாகப் பிற்பகல்தோறும் கடற்காற்று பலமாக வீசி, பின்னர் மூடுபனியும் உட்புகுகின்றது. மறுநாட் காலை வரை அது நிலத்தை மூடிநிற்கும்.

இங்கு மலையின் உயரம் முக்கியத்துவம் பெறுகின்றது. சாதாரணமாக உயரஞ்செல்லச் செல்ல வளி குளிர்ச்சியடையும். ஆனால் இக்கரையில் குளிர்ந்த கடல்வளி கீழேயும் வெப்பமான வளி மேலேயும் இருக்கும் வெப்பநிலை நேர்மாறல் கோடையில் அடிக்கடி நிகழ்கின்றது. மூடுபனி அந்த எல்லைக்குக் கீழேயே தங்குகின்றது. ஆகவே பனியெல்லைக்குக் கீழான சாய்வுகள் ஈரமும் குளிரும் மிக்கவை. மேலான சாய்வுகள் வெயில் பெறுவன. 2012இல் தனிப்பிரதேசமாக அங்கீகாரம் பெற்ற போட் ரொஸ்–சீவியூ, ஏறக்குறைய 920 அடிக்கு மேற்பட்ட மலைமுகடுகளைக் கொண்டமைக்கு இதுவே அடிப்படை. அம்முகடுகள் கடலை அண்மித்திருப்பினும் பெரும்பாலும் பனிக்கு மேலே நிற்கின்றன. பெற்றலூமா இடைவெளியின் சாய்வுகளோ பனியையும் காற்றையும் நேரே பெறுகின்றன. அது 2017இல் தனிப்பிரதேசமாக வகுக்கப்பட்டது. ஓர் ஆட்சியெல்லையையோ மண்வகையையோ சாராது, காற்றையே அதன் தலையாய அடையாளமாகக் கொண்டனர் என்பது குறிப்பிடத்தக்கது. சொனோமாக் கரை என்னும் பரந்த பிரதேசம் 1987இலேயே வகுக்கப்பட்டதாயினும், அதற்குள் இத்தகைய வேறுபாடுகள் இருந்தமையால், மேற்குச் சொனோமாக் கரை என்னும் மற்றொரு பிரதேசமும் 2022இல் வரையறுக்கப்பட்டது.

ஓரிடத்தின் குளிர்ச்சியை அளப்பதற்கு டேவிஸ் வளாகத்தின் அமரின், விங்கிளர் ஆகிய இருவரும் 1944இல் ஒரு முறையை வெளியிட்டனர். ஏப்ரில் 1 முதல் ஒக்டோபர் 31 வரையுள்ள ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையிலிருந்து 50 பாகை பரனைற்றைக் கழித்து, எஞ்சுவதைக் கூட்டுதல் வேண்டும். 50 பாகைக்குக் கீழ் கொடி வளர்வதில்லை என்பதே கழித்தற்குக் காரணம். கூட்டுத்தொகை 2500க்கு மேற்படாத இடங்கள் முதலாம் வகுப்பைச் சேர்ந்தவை. அவையே மிகக் குளிரானவை. 4000க்கு மேற்பட்டவை ஐந்தாம் வகுப்பின. பயனுள்ள முறையே இதுவெனினும், காற்றின் வேகத்தையோ மூடுபனி மறைக்கும் வெயிலையோ இவ்வளவை கணக்கிடுவதில்லை என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும்.

குளிர் கனியில் செய்வது

முந்திரிகைக் கனி நிறம் மாறத் தொடங்கியபின் அதனுள் பல மாற்றங்கள் ஒருங்கே நிகழ்கின்றன. இலைகள் ஒளித்தொகுப்பினால் ஆக்கிய வெல்லம் கனியில் சேர்கின்றது. அமிலம் குறைகின்றது. தோலில் நிறப்பொருள்களும் மணப்பொருள்களும் உருவாகின்றன. இவை யாவும் ஒரே வேகத்தில் நிகழ்வதில்லை என்பதே எமது பொருளுக்கு மூலாதாரமான செய்தியாகும்.

வெப்பமான இடத்தில் வெல்லம் விரைந்து சேர்கின்றது. கனியின் மலிக்கமிலம் சுவாசத்தில் விரைந்து செலவாகின்றது. பொதுவாக ஒரு லீற்றர் சாற்றிலுள்ள 17 கிராம் அளவான வெல்லம் நொதித்து நூற்றுக்கு ஒரு வீத மதுசாரத்தைத் தருகின்றது. லீற்றருக்கு 220 கிராம் வெல்லமுள்ள சாறு ஏறக்குறைய 13 வீதமும், 255 கிராம் உள்ள சாறு 15 வீதமும் மதுசாரம் பெறும். வெப்ப நிலங்களில் தோலின் மணம் முற்றுவதற்குக் காத்திருக்கும் உழவர், அதற்குள் வெல்லம் மிகுந்து அமிலம் குன்றிய கனியையே பெறுகின்றார்.

குளிர்ந்த கடலோரச் சாய்விலோ வெல்லம் மெல்லச் சேர்கின்றது. காலையில் மூடுபனி வெயிலை மறைக்கின்றது. பிற்பகலில் பலத்த காற்று வீச, இலைகள் தம் இலைவாய்களை மூடிக்கொள்கின்றன. அதனால் ஒளித்தொகுப்பு மந்தமடைகின்றது. அமிலமும் எளிதில் அழிவதில்லை. ஆகவே ஏனைய வருக்கங்கள் பலவும் அறுவடையானபின், ஒக்டோபர் மாதம் வரை சிராவின் குலைகள் கொடியில் தங்குகின்றன. 13 வீதத்தை அண்டிய மதுசாரமும், நாவில் உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் அமிலமும் கொண்ட வைன் இதனாற் கிடைக்கின்றது. கனி கொடியில் தங்கும் இந்நீண்ட காலமே மிளகு மணம் உருவாகும் காலமுமாகும்.

மணத்தின் மூலக்கூறு

தென் அவுஸ்திரேலியாவின் அடலைட் நகரிலுள்ள அவுஸ்திரேலிய வைன் ஆராய்ச்சி நிலையத்தினர், மிளகு மணமுள்ள சிராஸ் கனிகளையும் அம்மணமற்ற கனிகளையும் ஒப்பிட்டுப் பல ஆண்டுகள் ஆராய்ந்தனர். வைனில் அப்பொருள் மிகச் சிறிதளவே இருந்தமையால் அதனைப் பிரித்தெடுத்தல் கடினமாயிற்று. ஈற்றில் அவர்கள் மிளகையே ஆராயத் தலைப்பட்டனர். மிளகில் மிகுதியாகவும், சிராஸ் கனியிலும் வைனிலும் சிறிதாகவும் காணப்பட்ட ஒரே பொருளே அம்மணத்திற்குக் காரணம் என்பது புலனாயிற்று. அதன் பெயர் ரொற்றண்டோன். இம்முடிபு 2008இல் வெளியாயிற்று.

இப்பெயர் தமிழ் வாசகர்க்குச் சுவையானதொரு செய்தியைக் கொண்டது. ரொற்றண்டோன் 2008இல் புதிதாகக் கண்டறியப்பட்ட பொருளன்று. சைப்பிரஸ் றொற்றண்டஸ் என்னும் தாவரத்தின் கிழங்கில் அது முன்னரே காணப்பட்டிருந்தது. அத்தாவரத்தின் பெயரே பொருளுக்கும் வந்தது. அத்தாவரம் வேறெதுவுமன்று, எமது வயல்களிலும் தோட்டங்களிலும் களையாக வளர்வதும், சித்த மருத்துவத்தில் பயன்படுவதுமான கோரையே அது. கோரைக்கிழங்கில் அறியப்பட்டு, பல்லாண்டுகள் எவரும் பொருட்படுத்தாதிருந்த ஒரு மூலக்கூறே மிளகின் மணத்திற்கும் சிரா வைனின் மணத்திற்கும் காரணமென்பது பின்னரே தெரியவந்தது. றோஸ்மேரி, தைம் முதலிய மேலைத்தேய மணப்பூண்டுகளிலும் அது உண்டு.

மிளகின் மணமும் மிளகின் காரமும் வெவ்வேறானவை என்பதையும் இங்கு தெளிவுபடுத்தல் வேண்டும். நாவை எரிக்கும் காரத்திற்குக் காரணம் பிப்பரின் என்னும் பொருள். அது சிராவில் இல்லை. ஆகவே வைனில் மிளகு மணக்குமேயன்றி உறைக்காது.

ரொற்றண்டோனின் மூலக்கூற்றில் 15 காபன் அணுக்களும் 22 ஐதரசன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் உள்ளன. ஆல்பா குவாயீன் என்னும் மற்றொரு பொருள் கனித்தோலில் ஒட்சியேற்றமடைவதால் அது உண்டாகின்றது. அதன் ஆற்றலோ வியப்புக்குரியது. ஒரு லீற்றர் செவ்வைனில் 16 நனோகிராம் இருந்தாலே மனிதர் முகர்ந்து உணர்வர் என 2008இன் ஆய்வு கண்டது. ஒரு நனோகிராம் என்பது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒரு கிலோமீற்றர் நீளமும் ஒரு கிலோமீற்றர் அகலமும் ஒரு மீற்றர் ஆழமும் கொண்ட குளமொன்றை வைனால் நிரப்பினால், அக்குளம் முழுவதையும் மணக்கச் செய்வதற்கு 16 கிராம் போதும் என்பது இதன் பொருள்.

இவ்வாய்வு மற்றோர் உண்மையையும் வெளிப்படுத்தியது. சோதனையில் பங்குபற்றியோரில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர், நீரில் இப்பொருளை மிக உயர்ந்த அளவிற் கலந்து கொடுத்தபோதும் உணரவில்லை. ஒரே கிண்ணத்தை முகரும் இருவருள் ஒருவர் மிளகு மணக்கின்றதென, மற்றவர் இல்லையென மறுப்பாராயின், இருவரும் உண்மையே பேசுதல் கூடும். வைன் மணங்களைப் பற்றிய வருணனைகளை வெறுங் கற்பனை என இகழ்வோர்க்கும், அவற்றை எல்லார்க்கும் பொதுவான உண்மை எனக் கொள்வோர்க்கும் இது ஒருங்கே தக்க மறுமொழியாகும்.

சாய்வும் நிழலும்

குளிருக்கும் ரொற்றண்டோனுக்கும் உள்ள தொடர்பை அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துக் கிராம்பியன்ஸ் பகுதியில், மவுண்ட் லங்கி கிரான் தோட்டத்தில் நடந்த ஆய்வுகள் நன்கு விளக்கின. அத்தோட்டம் கடலோரத்ததன்றெனினும் குளிரானது. ஒரே காணியில், ஒரே வருக்கத்தில், இடத்துக்கிடம் இப்பொருளின் அளவு பெரிதும் வேறுபட்டது. தெற்கு நோக்கிய சாய்வில் அது மிகுந்திருந்தது. தென்னரைக் கோளத்தில் தெற்கு நோக்கிய சாய்வு வெயில் குறைந்ததும் குளிர்ந்ததுமாகும் என்பதை நினைவுகூர்தல் வேண்டும். ஒரே குலையிலும் நிழலிலிருந்த கனிகளில் மிகுதியாகவும், வெயிற்பட்ட கனிகளில் குறைவாகவும் அது இருந்தது. முதிரும் காலத்தில் குலையைச் சூழ்ந்த வெப்பநிலை 25 பாகை செல்சியசுக்கு மேற்பட்டிருந்த நேரம் கூடக்கூட ரொற்றண்டோன் குறைந்தது. குளிர்ந்த ஆண்டுகளின் அறுவடையில் அது கூடியும் வெப்பமான ஆண்டுகளில் குறைந்தும் காணப்பட்டது.

இம்முடிபுகளைச் சொனோமாவின் நிலைமையுடன் பொருத்திப் பார்ப்பின் அங்குள்ள சிராவின் இயல்பு எளிதில் விளங்கும். குளிர்நீரோட்டம், மேலெழும் ஆழ்நீர், மூடுபனி, பிற்பகற் காற்று ஆகியவை குலையின் வெப்பநிலையைப் பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழே வைத்திருக்கின்றன; முதிர்ச்சியையும் நீட்டுகின்றன. கடலின் ஆழத்திலிருந்து கிண்ணத்தின் விளிம்பு வரை ஒரு தொடர்பை இவ்வாறு படிப்படியாகக் காட்டக்கூடியதாக உள்ளது.

ஆயினும் இத்தொடர்பில் மண் எங்கும் நேரடியாக வரவில்லை என்பது கவனிக்கத்தக்கது. பாறையின் கனியுப்பே வேரினூடாக ஏறிக் கிண்ணத்தில் மணக்கின்றது எனப் பலர் எழுதுவர். மிளகு மணத்தைப் பொறுத்தவரை அவ்வாறு கொள்வதற்கு இடமில்லை; அது கொடியே தன் கனித்தோலில் ஆக்கிய பொருள். மண்ணின் பங்கு மறைமுகமானது. நீரை விரைந்து வடியவிடும் மலைமண் கொடியின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும். வளமான பள்ளத்து மண் இலையை மிகுவித்துக் குலைக்கு நிழல்தரும். இவை குலையைச் சூழ்ந்த நிலையை மாற்றி, அதன் வழியாகவே மணத்தைப் பாதிக்கின்றன.

மனிதரின் பங்கு

நிலமே யாவற்றையும் செய்துவிடுகின்றது எனக் கூறுதலும் பொருந்தாது. குலையைச் சுற்றியுள்ள இலைகளை உழவர் கிள்ளிவிட்டால் வெயில் பட்டு ரொற்றண்டோன் குறையும், விட்டுவைத்தால் கூடும். ஆனால் இலை மிகுந்தால் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பற்றும். எவ்வளவு இலையை விடுவது என்பது ஒவ்வோர் ஆண்டும் புதிதாகத் தீர்மானிக்கவேண்டிய விடயமாகும்.

இப்பொருள் தோலில் இருப்பதால், சாற்றைத் தோலுடன் ஊறவிட்டு நொதிக்கச் செய்யும் முறையும் முக்கியமானது. சிலர் கனிகளைக் காம்பிலிருந்து பிரிக்காது முழுக்குலையாகவே நொதிக்கவிடுவர். காம்பு வேறொரு பச்சிலை மணத்தையும் துவர்ப்பையும் சேர்க்கும். கோத் ரோத்தியில் வியோஞே என்னும் வெண்முந்திரிகையை நூற்றுக்கு 20 வீதம் வரை சேர்த்து நொதிக்கச் செய்யச் சட்டம் இடமளிக்கின்றது. சொனோமாவின் ஆக்குநர் சிலரும் இம்முறைகளைக் கைக்கொள்கின்றனர். புதிய ஓக் மரப்பீப்பாயில் நெடுநாள் வைத்தால் மரத்தின் வனிலா மணமும் புகைமணமும் மிளகை மறைத்துவிடும். ஆகவே நிலம் தந்ததைக் காப்பதும் மறைப்பதும் மனிதர் கையில் உள்ளன.

உழவர் எதிர்நோக்கும் இடர்கள்

மணத்தைத் தரும் குளிரே அறுவடையை அழிக்கவும் வல்லது. பூக்கும் காலத்தில் குளிரும் காற்றும் மிகுந்தால் பூக்கள் கருக்கட்டாது உதிர்கின்றன, விளைச்சல் குன்றுகின்றது. ஒக்டோபரில் மழை முந்திவந்தால் குலைகள் அழுகுகின்றன. கோடை முழுவதும் பனி நீங்காத ஆண்டில் கனி முதிராது, பச்சைக் கசப்புடனேயே நிற்கும். மிளகு மணம் சிறந்து தோன்றும் இடம் கனி முதிரக்கூடிய எல்லையின் விளிம்பேயாகும். விளிம்பிலே பயிரிடுபவர் சில ஆண்டுகளில் இழப்பைத் தாங்கியே ஆகவேண்டும்.

சந்தையும் அவருக்கு உதவுவதில்லை. கலிபோர்ணியாவில் 1990இல் சில நூறு ஏக்கரளவில் இருந்த சிரா, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பல ஆயிரம் ஏக்கராகப் பெருகியது. அவற்றிற் பெரும்பகுதி வெப்ப நிலங்களில் நடப்பட்டது. வாங்குவோர், சிரா என்னும் பெயர் எத்தகைய வைனைக் குறிக்கின்றது என்பதை அறியாது மயங்கினர். ஒரு புட்டியில் பழப்பாகு போன்ற கனத்த வைன். மற்றொன்றில் மிளகு மணக்கும் மென்மையான வைன். இரண்டுக்கும் பெயர் ஒன்றே. 2004இல் வெளியான 'சைட்வேய்ஸ்' என்னும் அமெரிக்கத் திரைப்படத்தின் பின் பினோ நுவார் என்னும் வருக்கத்தின் மதிப்பு மேலும் உயர்ந்தது. பினோ நுவாருக்கும் அதே குளிர்க்கடலோரமே உகந்தது. அது சிராவிலும் முன்னதாக முதிர்கின்றது, சொனோமாவில் கூடிய விலையும் பெறுகின்றது. கணக்கைப் பார்க்கும் உழவர் சிராவின் அடித்தண்டில் பினோ நுவாரை ஒட்டுக்கட்டுதல் வியப்பன்று. எஞ்சியிருக்கும் குளிர்மலைச் சிராத் தோட்டங்கள் பெரும்பாலும் உரிமையாளரின் விருப்பத்தினாலேயே நிலைத்துள்ளன எனலாம்.

இவற்றினும் பெரிய இடர் காலநிலை மாற்றமாகும். 2020இல் வட கலிபோர்ணியாவில் பரவிய காட்டுத்தீயின் புகையினால் பெருந்தொகையான கனி அறுவடை செய்யப்படாமலே விடப்பட்டது. புகையிலுள்ள குவாயக்கோல் முதலிய பொருள்கள் கனித்தோலிலே படிகின்றன. செவ்வைனோ தோலுடனேயே நொதிக்கவேண்டியது. மணத்தைத் தேக்கிவைக்கும் அத்தோலே புகையையும் தேக்கிவைக்கின்றது. 2022 செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில் கலிபோர்ணியாவை வாட்டிய கடும் வெப்பம் பல நாட்கள் நீடித்தது. முதிரும் பருவத்தில் இத்தகைய வெப்பம் வருமாயின், கோடை முழுவதும் மூடுபனி காத்துவந்த மணம் குன்றிவிடக்கூடும் என்பதை மேலே கண்ட ஆய்வுகளிலிருந்து உய்த்துணரலாம்.

உள்நாட்டு உழவர் வெப்பத்திற்கு அஞ்சிக் கடலை நோக்கியும் மலையை நோக்கியும் நகர முடியும். ஏற்கெனவே கடலோரத்தில் உள்ளவர்க்கு அவ்வழியில்லை. நிழல்தரும் சாய்வைத் தெரிதல், இலையைக் காத்தல், வரிசைகளின் திசையை மாற்றி நடுதல் ஆகியனவே அவர்க்கு எஞ்சிய வழிகள். அவர் தோட்டத்திற்கு மேற்கே நிலம் இல்லை, சமுத்திரமே உண்டு.

முடிபு

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி மீள்வோம். நிலத்தின் இயல்பு வைனில் வெளிப்படும் என்னும் கூற்று, சிராவின் மிளகு மணத்தைப் பொறுத்தவரை மெய்யே. கடல்நீரின் குளிர்ச்சி வளியையும், வளி குலையையும், குலையின் வெப்பநிலை அதன் தோலிலுள்ள ஒரு மூலக்கூற்றின் அளவையும் நிர்ணயிக்கின்றன. இத்தொடர்பின் ஒவ்வொரு கண்ணியும் அளந்தறியத்தக்கது. வணிகச் சொல்லலங்காரம் என இதனை ஒதுக்குவதற்கில்லை.

ஆயினும் மறுதரப்பாரின் ஐயமும் வீணன்று. மண்ணே மணக்கின்றது என்னும் வருணனைக்கு இங்கு ஆதாரம் இல்லை. எல்லா வைன்களுக்கும் எல்லா மணங்களுக்கும் இத்தகைய சான்று கிடைத்துவிட்டதாகவும் கொள்ளலாகாது. ஒரு மூலக்கூற்றைக் கொண்டு நாம் நிறுவியது ஒரு மணத்தை மட்டுமே. அதனையும் ஐவரில் ஒருவர் உணர்வதில்லை.

நிலப்பண்பு என்பது நிலத்தில் என்றும் மாறாது உறைந்திருக்கும் ஒரு பொருள் எனப் பலர் எண்ணுகின்றனர். நாம் மேலே கண்டவை அவ்வெண்ணத்தைத் திருத்துகின்றன. சொனோமாவின் மலைச்சாய்வு அங்கேயே இருக்கும். அதன் பாறையும் மண்ணும் மாறா. ஆனால் முதிரும் வாரங்களில் குலையைச் சூழும் வளி சில பாகைகள் வெப்பமடையுமாயின், அந்நிலத்தின் பெயரால் நாம் அறிந்த மணம் அங்கிருந்து அகன்றுவிடும். ஓரிடத்தின் சிறப்பென நாம் போற்றுவது அவ்விடத்தின் காலநிலைக்கும் அதனை அறிந்து பயிரிடும் உழவர்க்கும் இடையேயுள்ள உறவில் தங்கியிருக்கின்றது என்பதே இவ்வாய்விலிருந்து நாம் பெறும் முடிபாகும்.